முன்கைக்குள் கொஞ்சம் இடம்

என் வலது முன்கையின் உட்புறத்தை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரே படத்தில் அல்ல. தோல் விலகி, உறை விலகி, சதை சதையாக, நான் விழித்திருக்கும்போதே. அதற்குப் பிறகு மாதங்கள் பல ஆகிவிட்டன. இன்னும் காலையில் பல் துலக்கும்போது பிரஷ்ஷைப் பிடித்திருக்கும் கை கண்ணில் பட்டால் ஒரு கணம் திடுக்கிடுகிறது. இந்தச் சின்ன இடத்துக்குள்தானா அத்தனையும் இருக்கிறது என்று.

தினமும் எழுதி வைக்கும் பழக்கம் எனக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவேன். ஊகத்தை எழுத மாட்டேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் வரிசையாக எழுத இவ்வளவு காலம் ஆயிற்று. முதலில் எழுதக் கை இல்லை. கை வந்த பிறகு மனம் வரவில்லை.

ஓசூரில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் கடைசிப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். லைனில் வரும் பாகங்களின் துளைகளைச் சரிபார்ப்பது என் வேலை. அதற்கு கேஜ் என்று ஒரு எஃகுக் குச்சி உண்டு. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். மறுமுனை போகக் கூடாது. பார்க்க எளிது. ஆனால் போகிற முனை எப்படிப் போகிறது என்பது விரலுக்குத்தான் தெரியும். வழுக்கிக்கொண்டு போனால் ஒரு மாதிரி, லேசாக உரசிக்கொண்டு போனால் ஒரு மாதிரி. உரசினால் உள்ளே பிசிறு இருக்கிறது என்று அர்த்தம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். என் பிழைப்பே இந்த மூன்று நுனிகளில்தான்.

என் கணவர் வேறொரு கம்பெனியில் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர். ஆடுகிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஓட்டலில் மேசை ஆடினால் காபி வருவதற்குள் பஸ் டிக்கெட்டை மடித்துக் காலுக்கு அடியில் சொருகியிருப்பார். பஸ்ஸில் முன் சீட்டின் திருகு கழன்றிருந்தால் நாணயத்தால் முடுக்குவார். ஒரு பாகத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இருக்கக் கூடாத இடைவெளியை அவர்கள் தொழிலில் ப்ளே என்பார்கள். ப்ளே இருந்தால் அதிரும், அதிர்ந்தால் தேயும், தேய்ந்தால் உடையும். இதை அவர் எங்கள் வீட்டுக் குக்கர் கைப்பிடியைப் பற்றியும் சொல்வார், அரசாங்கத்தைப் பற்றியும் சொல்வார்.

விழுந்தது ஒரு சனிக்கிழமை. காலை ஷிஃப்ட் முடிந்து ஜூஜுவாடி சர்வீஸ் ரோட்டில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். கர்நாடக எல்லையைத் தாண்டக் காத்திருக்கும் லாரிகள் எப்போதும் போல ஓரமாக வரிசை கட்டி நின்றிருந்தன. ஒரு லாரியின் கதவு திறந்தது. பிரேக் பிடித்தேன். மணலில் வண்டி சறுக்கிவிட்டது. வலது கையை ஊன்றினேன்.

வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அந்தக் காட்சி. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, எந்த மூட்டும் இல்லாத இடத்தில், என் கை மடங்கியிருந்தது. புதிதாக ஒரு மூட்டு முளைத்தது போல. அதைப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். லாரியிலிருந்து இறங்கிய டிரைவர் என்னைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். பார்த்ததும் தன் தோள் துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முன்கையில் இரண்டு எலும்புகள். கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. இரண்டும் உடைந்திருந்தன. உள்ளங்கையை மேலே திருப்பினால் இரண்டும் தண்டவாளம் போலப் பக்கத்தில் பக்கத்தில் இருக்குமாம். கீழே கவிழ்த்தால் ரேடியஸ் அல்னாவின்மேல் குறுக்கே புரண்டு போகுமாம். நான் உடையாத இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாற்பத்தேழு வயது வரை ஒரு நாளைக்கு எத்தனை முறை கதவுப் பிடியைத் திருப்பியிருப்பேன். ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு எலும்பு இன்னொன்றின்மேல் ஏறி இறங்கியிருக்கிறது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. அல்லது பள்ளிக்கூடத்தில் சொல்லி, நான் பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்திருக்கிறேன்.

இரண்டுக்கும் தகடு வைக்க வேண்டும் என்றார் டாக்டர். வீக்கம் வடியட்டும், செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அதுவரை தற்காலிகக் கட்டு. முழு மாவுக்கட்டு அல்ல. கையின் ஒரு பக்கம் மட்டும் மாவுத் தகடு, சுற்றிலும் தாராளமாகப் பஞ்சு, மேலே துணிச் சுருள். வீடு பக்கத்தில்தான் என்றதால் அனுப்பினார்கள். கையை உயர்த்தி வையுங்கள், விரலை அசைத்துக்கொண்டே இருங்கள், வலி கூடினால் உடனே வாருங்கள் என்று நர்ஸ் சொன்னார். மூன்றையும் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டோம்.

குந்தாரப்பள்ளிப் பக்கத்து ஊரிலிருந்து என் கணவரின் அண்ணன் போன் செய்தார். அங்கே ஒருவர் மூங்கில் பட்டை வைத்துக் கட்டுகிறாராம், சந்தைக்கு வந்து மாட்டிடம் உதைபட்ட ஆட்களெல்லாம் அவரிடம்தான் போகிறார்களாம், ஆபரேஷன் எதற்கு, கூட்டிக்கொண்டு வா என்றார். என் கணவர் பொறுமையாகவே மறுத்தார். கண்டவரிடம் கையைக் கொடுக்க மாட்டேன், இது ரெண்டு எலும்பு வேலை, அளவு பார்த்துச் செய்ய வேண்டியது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவருடைய ஷிஃப்டிலிருந்து இரண்டு பேர் ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். இரண்டு பேருமே ஃபிட்டர்கள். ஒருவர் பெரியவர், பேச மாட்டார். இன்னொருவர் என் கணவரை விட இளையவர், வாய் ஓயாது. அவர்தான் தலையணை மேல் இருந்த என் கைக்கட்டை லேசாகத் தட்டிப் பார்த்தார்.

"என்னண்ணா இது, காண்ட்ராக்ட்காரன் மாட்டிட்டுப் போன மெஷின் மூடி மாதிரி இருக்குது. அண்ணி மூச்சு விட்டாலே ஆடுது."

பெரியவர் எழுந்து வந்து கட்டின் ஓரத்தில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுதும் உள்ளே போனது. தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துகொண்டார். என் கணவருக்கு முகம் மாறிவிட்டது. கட்டிய பிள்ளை புதுசாக இருக்கும், ஆஸ்பத்திரியிலும் இப்போது டிரெயினிகள்தான் என்று இளையவர் சொன்னார். டீ குடித்தார்கள், பேசினார்கள், போனார்கள்.

போனதும் என் கணவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்த எலும்பு உள்ளே ஆடினால் முனை தேயும், செவ்வாய்க்கிழமை தகடு வைக்கும்போது சரியாகப் பொருந்தாது என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அளவும் பொருத்தமும்தான் என் வேலையும். மிக்சி வந்த அட்டைப் பெட்டியிலிருந்து நீளமாக இரண்டு துண்டு வெட்டினார். ஓரங்களைக் கத்தரியால் மழுக்கினார், எனக்குக் குத்தக் கூடாது என்று. இடைவெளி இருந்த இடத்தில் அவற்றைச் செருகினார். அவர்கள் அதைப் பேக்கிங் கொடுப்பது என்பார்கள். அதன்மேல், அவருடைய முட்டி வலிக்கு வாங்கிய இழுத்தால் நீளும் பட்டையைச் சுற்றினார். சுற்றுக்குச் சுற்று பாதி ஏறும்படி, ஒரே சீராக, அழகாக. முடித்ததும் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தார். போகவில்லை. பிறகு என் மணிக்கட்டில் நாடி பார்த்தார். துடிக்கிறது என்றார். ரத்தம் போகிறது, பயமில்லை.

அவ்வளவு கவனமான மனிதர்.

மதியம் சாப்பிட முடியவில்லை. வலி கூடியது. உடைந்த கை வலிக்காமல் என்ன செய்யும் என்று நினைத்தேன். அது உடைந்த இடத்தின் வலி போல இல்லை, கை முழுவதும் உள்ளிருந்து ஊதிக்கொண்டே வந்தது. விரல்களைப் பாதி மடக்கி வைத்திருந்தால் கொஞ்சம் தேவலை. நுனிகள் மரமரத்தன. நேரமாக ஆக, மரமரப்பும் குறைந்துகொண்டே வந்தது. அதை நல்லது என்று நினைத்தேன்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பெண் களியும் கீரைக் குழம்பும் எடுத்துக்கொண்டு வந்தாள். கன்னடக்காரி. ரோஜாப் பண்ணையில் பூக்கட்டு பிரிக்கும் வேலை. எங்களோடு தமிழ் பேசுவாள், அவசரம் வந்தால் கன்னடம் வந்துவிடும். என் விரல்களைப் பார்த்தவள் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். விரல்கள் ஊதி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. இப்போதே கழற்றாவிட்டால் நாளைக்கு வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தாள். விரலை நீட்டச் சொன்னாள். நீட்ட வரவில்லை. அவளே மோதிர விரலின் நுனியைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினாள்.

நான் போட்ட சத்தம் மாடி வீட்டுக்கும் கேட்டதாம். விரலில் வலிக்கவில்லை. அங்கே மோதிரம் இருப்பதே தெரியவில்லை. வலித்தது முழங்கைக்குக் கீழே, கட்டுக்குள், ஆழத்தில். விரலின் நுனியை ஒருத்தி தொட்டதற்கு முழங்கைக்குக் கீழே ஏன் கிழிய வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அவள் கையை எடுத்துவிட்டு என் கணவரைப் பார்த்தாள்.

"அண்ணா, இது மோதிரம் கழட்டற வலி இல்ல. ஈகலே போங்க. ஈகலே."

இப்போதே என்று அர்த்தம். அவர் மறுபடியும் நாடியைப் பார்த்தார். துடித்துக்கொண்டுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பட்டையைக் கத்தரியால் வெட்டித் திறந்தார்கள். அட்டைத் துண்டுகள் கீழே விழுந்தன. வீட்டில் இருந்த டாக்டரையே வரவழைத்தார்கள். அவர் என் முன்கையைக் கட்டைவிரலால் அழுத்தினார். பலகையை அழுத்துவது போல இருந்தது. சதை உள்ளே போகவில்லை. என் ஆள்காட்டி விரலை நிமிர்த்தினார், என் முகத்தைப் பார்த்தார், விட்டுவிட்டார். பிறகு கீழே கிடந்த அட்டையைப் பார்த்து, இது யார் வைத்தது என்று கேட்டார்.

"நான்தான் சார்," என்றார் என் கணவர். "கட்டு லூசா இருந்துச்சு."

"லூசாத்தான் கட்டினோம்."

டாக்டர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சத்தமாகவும் சொல்லவில்லை. கையெழுத்து வாங்க வந்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டார்.

நாடி பார்த்துவிட்டுத்தான் கட்டினேன் என்று என் கணவர் சொன்னார். நாடி கடைசி வரைக்கும் துடிக்கும் என்றார் டாக்டர். ஆபரேஷன் அறை தயாராகும் வரை அவர் எங்களுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். முன்கையின் தசைகள் சும்மா தோலுக்கு அடியில் கிடப்பதில்லை. கெட்டியான வெள்ளை உறை ஒன்று அவற்றை அறை அறையாக இறுக்கிச் சுற்றியிருக்கிறது. அந்த உறை நீளாது. எலும்பு உடைந்தால் தசை வீங்கும், வீங்கியே தீரும். உறைக்குள் இடம் போதாவிட்டால் அழுத்தம் ஏறும். முதலில் நசுங்குவது தசைக்குள் ஓடும் மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள். பெரிய குழாய் நசுங்காது. அதனால் மணிக்கட்டில் துடிப்பு இருக்கும், நடுவில் தசை செத்துக்கொண்டிருக்கும். வெளியே பஞ்சுக்குள் விட்டிருந்த இடம் அதற்காகத்தான். கை வீங்குவதற்கு.

எனக்குப் பாதிதான் புரிந்தது. என் கணவருக்கு முழுதும் புரிந்தது. அழுத்தமும் குழாயும் அவர் தினமும் பார்ப்பவை. டாக்டர் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விரல் வருமா சார் என்று மட்டும் கேட்டார். திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர்.

அன்று என்னை முழுதாக மயக்கிவிட்டார்கள். முழங்கை மடிப்பிலிருந்து உள்ளங்கை வரை கீறி, உறையைத் திறந்து, எலும்புகளுக்குத் தகடும் வைத்துவிட்டு, கீறலை மூடாமல் விட்டுவிட்டார்கள். மூடினால் மறுபடி அழுத்தம் ஏறும். ஈரத் துணி போட்டு வைத்திருந்தார்கள். கையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மனுஷி படுத்திருக்க முடியும் என்பதே எனக்குப் புதிது. கண்விழித்ததும் நர்ஸிடம், மூட மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

எந்தத் தசை பிழைத்தது, எது பிழைக்கவில்லை என்று பார்க்க மறுபடி ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனார்கள். இந்த முறை கழுத்துக்குப் பக்கத்தில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். நான் விழித்திருந்தேன். முகத்துக்கும் கைக்கும் நடுவே பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். பார்க்கக் கூடாது என்றுதான். ஆனால் தலைக்கு மேலே பெரிய விளக்கு இருந்தது. அதன் நடுவில் எவர்சில்வர் மூடி. அதில் தெரிந்தது.

முதலில் ஏதோ பாத்திரம் என்று நினைத்தேன். பிறகு அதன் முனையில் என் நகங்கள் தெரிந்தன. நகப் பூச்சு பாதி உதிர்ந்த என்னுடைய நகங்கள். அப்படியானால் அது என் கை. முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை ஒரு பிளவு. அதற்குள் சிவப்பாக நீள நீளமான தசைகள், ஒன்றின் பக்கத்தில் ஒன்று, கதிர் போல மேலே தடித்து மணிக்கட்டை நோக்கி ஒடுங்கின. ஒடுங்கிய இடத்தில் ஒவ்வொன்றும் வெள்ளைப் பட்டையாக மாறியது. எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு. நான் கண்ணை மூடவில்லை. மூட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

டாக்டர் தன் உதவியாளரிடம் பேசிக்கொண்டே ஒரு தசையை இடுக்கியால் லேசாகக் கிள்ளினார். என் நடுவிரல் மடங்கியது.

நான் மடக்கவில்லை. எனக்குக் கையே இல்லாதது போலத்தான் இருந்தது. விளக்கின் மூடிக்குள், முழங்கைக்குச் சற்றுக் கீழே ஒருவர் கிள்ளுகிறார், ஒரு முழம் தள்ளி விரல் மடங்குகிறது. அப்போதுதான் எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைச் சத்தம் விளங்கியது. விரலை மடக்கும் சதை விரலில் இல்லை. விரலில் எலும்பும் கயிறும்தான் இருக்கின்றன. இழுக்கும் சதை அத்தனையும் முன்கையில் இருக்கிறது. அவள் மோதிர விரலை நிமிர்த்தியபோது, மூச்சுத் திணறிக்கொண்டிருந்த ஒரு தசையைக் கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

அடுத்ததைக் கிள்ளினார். மோதிர விரல். அதற்கு அடுத்தது. ஆள்காட்டி விரல் கொஞ்சம் அசைந்தது. பிறகு மேல் தசைகளை ஒதுக்கிவிட்டு, எலும்பை ஒட்டி ஆழத்தில் இருந்த ஒன்றைத் தொட்டார். அதன் நிறம் வேறாக இருந்தது. ஊற வைத்து மறந்துபோன இறைச்சியின் நிறம். கிள்ளினார். கட்டைவிரல் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிக் கிள்ளினார். அசையவில்லை. ரத்தமும் கசியவில்லை.

"இது வரல," என்றார்.

அதை வெட்டி எடுத்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஒரு தட்டில் போட்டார்கள். என்னுடையது, இப்போது தட்டில். திறந்த கையின் நடுவில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு இழை ஓடிக்கொண்டிருந்தது, போன் சார்ஜர் ஒயர் தடிமனுக்கு. அதை மட்டும் அவர்கள் இருவரும் ஒன்றும் செய்யாமல் ஈரப் பஞ்சால் நனைத்துவிட்டார்கள். அதுதான் மீடியன் நரம்பு என்று பிறகு சொன்னார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனிக்கும் தொடு உணர்வு அந்த ஒயர் வழியாகத்தான் போகிறது. நசுங்கியிருக்கிறது, அறுபடவில்லை. திரும்ப வரலாம், வராமலும் இருக்கலாம், வந்தாலும் மெதுவாகத்தான். மூன்று விரல் என்று டாக்டர் சொன்னபோது நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேஜ் பிடிக்கும் மூன்று விரல்.

தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டிக் கையை மூடினார்கள். வீட்டுக்கு வந்தேன். எலும்புகள் ஒழுங்காகக் கூடின. எல்லோரும் கேட்டது அதைத்தான், கூடிவிட்டதா என்று. கூடிவிட்டது என்று சொன்னால் திருப்தியாகப் போனார்கள். கட்டைவிரல் நுனி மடங்காது என்பதோ, மூன்று விரல்களும் என்னுடையவை போலவே இல்லை என்பதோ வெளியே தெரியாது. ஒரு நாள் தோசை திருப்பும்போது கருகும் வாசனை வந்தது. தோசை கருகவில்லை. என் ஆள்காட்டி விரல் கல்லின்மேல் இருந்தது. விரலை எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். கொப்புளம் எழும்புவது கண்ணுக்குத் தெரிந்தது. வலி என்று ஒன்று இல்லை.

கம்பெனியில் என்னை கம்ப்யூட்டரில் எண்கள் ஏற்றும் வேலைக்கு மாற்றினார்கள். நல்லவிதமாகத்தான் செய்தார்கள். விரலில் உணர்வு வந்தால் பழைய இடம், வராவிட்டால் இதுவே என்றார்கள். நான் இருந்த மேசையில் வேறு ஒரு பெண் உட்கார்ந்து கேஜைத் துளைக்குள் விட்டு எடுப்பதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்ப்பேன்.

உறவினர்களிடம் நான் வீக்கம் வந்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை. ஊர்ப் பண்டிகைக்குப் போயிருந்தபோது, மூங்கில் பட்டை என்று சொன்ன அதே அண்ணன், இங்கிலீஷ் ஆஸ்பத்திரிக்காரன் கையைக் கெடுத்துவிட்டான் என்று சாப்பாட்டுப் பந்தியில் ஆரம்பித்தார். பரிமாறிக்கொண்டிருந்த என் கணவர் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவங்க சரியாத்தான் கட்டுனாங்க, நான்தான் அதுமேல இறுக்கிக் கட்டுனேன் என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவ்வளவு பேர் நடுவில் சொல்ல வேண்டுமா என்று பஸ்ஸில் கேட்டேன். முன் சீட்டின் திருகு கழன்று கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை அவர் அதைத் தொடவில்லை.

அப்போதுதான் வீட்டிலும் கவனித்தேன். அவர் எதையும் இறுக்குவதில்லை. ஊறுகாய் ஜாடியின் மூடி சும்மா மேலே வைத்திருக்கும். இரண்டு முறை பூசணம் பூத்துக் கொட்டினோம். சமையலறைக் குழாய் சொட்டும். கேஸ் ரெகுலேட்டரைக்கூட நான் இடது கையால் இன்னொரு முறை திருகுவேன். பக்கத்து வீட்டுப் பெண், அண்ணனுக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் போல என்று கிண்டல் செய்தாள். அவர் சிரித்தார். மூடியைத் திருகவில்லை.

மாதம் ஒரு முறை டாக்டரிடம் போவேன். அவர் என் முன்கையில் நரம்பு ஓடும் வழியே விரலால் தட்டிக்கொண்டு வருவார். ஓரிடத்தில் தட்டினால் மின்சாரம் தாக்கியது போல ஒரு வெட்டு உள்ளங்கையை நோக்கி ஓடும். நரம்பு அதுவரை வளர்ந்து வந்திருக்கிறது என்று அர்த்தமாம். முதல் முறை அது ஓடியபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். வீட்டுக்கு வந்து அந்த இடத்தில் பேனாவால் புள்ளி வைத்தேன். குளிக்கும்போது அழிந்தால் மறுபடி வைப்பேன். மாதா மாதம் புள்ளி கொஞ்சம் கீழே இறங்கியது. மணிக்கட்டைத் தாண்டியது. உள்ளங்கையின் நடுவுக்கு வந்தது. அங்கேயே நின்றது. அடுத்த மாதமும் அங்கேயே. சில பேருக்கு அங்கேயே நின்றுவிடும் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

விரல்கள் உள்ளே சுருண்டுவிடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாங்கி கொடுத்திருந்தார்கள். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் போட்டுக்கொள்ள வேண்டும், மூன்று இடத்தில் ஒட்டுப்பட்டை. இத்தனை மாதமும் இடது கையாலும் பல்லாலும் நானே கட்டிக்கொண்டேன். அவரைக் கேட்டதில்லை. அவரும் அந்த நேரத்தில் வேறு அறையில் இருப்பார்.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, பல் ஈறு வீங்கியிருந்ததால் பட்டையைக் கடிக்க முடியவில்லை. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்து கையை அவர் மடியில் வைத்தேன். கட்டச் சொன்னேன். அவர் பேப்பரை மடிக்க நீண்ட நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு பட்டையை எடுத்து, தூங்குகிற குழந்தையின்மேல் துணி போடுவது போல ஒட்டினார். கையை உயர்த்தினேன். தாங்கி கழன்று தரையில் விழுந்தது.

"இறுக்குங்க," என்றேன்.

"எவ்வளவு?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

அவர் மறுபடி ஆரம்பித்தார். முன்கைப் பட்டை. மணிக்கட்டுப் பட்டை. ஒவ்வொரு இழுப்புக்கும் என் முகத்தைப் பார்த்தார். விரல்களின்மேல் வரும் மூன்றாவது பட்டையை நுழைக்கும்போது அவருடைய கட்டைவிரல் நகம் என் ஆள்காட்டி விரலின் நுனியில் உரசிப் போனது.

நான் துள்ளினேன். அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று இருந்த அதே முகம்.

"வலிக்கல," என்றேன். "தெரிஞ்சுது."

அவர் நம்பவில்லை. எனக்கும் நம்பிக்கையில்லை. பார்த்துக்கொண்டிருந்ததால் தெரிந்தது போலத் தோன்றியிருக்கலாம். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். மூடினேன். தொடும்போது ஒன்றும் சொல்லமாட்டேன், நீயே சொல்ல வேண்டும், சில சமயம் தொடாமலும் இருப்பேன் என்றார். பரிசோதனை என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும். தெருவில் கம்பெனி பஸ் ஒன்று திரும்பும் சத்தம் கேட்டது. காத்திருந்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றேன்.

"சரி," என்றார். தொட்டிருக்கவில்லை.

பிறகு ஏதோ ஒன்று வந்தது. தொடுவது என்று அதைச் சொல்ல முடியாது. தடித்த கம்பளிக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பது போல. ஆனால் இருந்தது. நடுவிரல் என்றேன்.

"ஆள்காட்டி," என்றார் அவர்.

நரம்பு திரும்பி வரும்போது முதலில் விலாசம் தவறும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. நான் கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி தொடச் சொன்னேன்.